மெஷின் லேஸ் கைவேலை மாதிரி வரவில்லையா? கோளாறை வைத்து நூலைக் கண்டுபிடிக்கும் வழி

தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர் (துணிக்குப் பதிலாக அடியில் வைத்துத் தைக்கும் தாள்) மேல் எம்ப்ராய்டரி மெஷினில் லேஸ் டிசைன் ஓட்டி, கரைத்து, காயவைத்து எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒன்று உதைக்கிறது. டிசைனில் குறையில்லை, மெஷினும் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனாலும் தூரத்திலிருந்தே "மெஷின் போட்டது" என்று தெரிந்துவிடுகிறது. இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகில் கை வைக்கிறார்கள். நான் நூல் கோனைத் தலைகீழாகத் திருப்பி லேபிளைப் படிப்பேன்.

சட்டையில் ஒரு பூ போட்டால் அதைத் தாங்குவது துணி. லேஸில் அடியில் இருப்பது கரைந்து போய்விடும். மிஞ்சுவது மேல்நூலும் அடிநூலும்தான். அதனால் துணியில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் நூல் தவறுகள் எல்லாம் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் லேஸ் எப்படி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் இரண்டாவது தலைப்பில் இருக்கும் எண் கணக்கை மட்டும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் மாதிரி மின்னுகிறது

கையால் செய்த பழைய லேஸ் பெரும்பாலும் லினன் நூலில் செய்தது, பிற்காலத்தில் பருத்தி. இரண்டும் வெளிச்சத்தைச் சிதறவிடும். ரேயான் அப்படியே பளபளவென்று திருப்பி அனுப்பும். எம்ப்ராய்டரி பாலியஸ்டரில் பெரும்பாலானவை மின்ன வேண்டும் என்றே முக்கோண வெட்டுள்ள இழையில் செய்யப்படுபவை. துணியில் போட்ட ரோஜாவுக்கு அந்த மினுமினுப்பு அழகு. லேஸில் சாட்டின் தையல், அதாவது நெருக்கமாகப் பக்கம் பக்கமாக விழும் தையல், ஒவ்வொரு வளைவிலும் திசை மாறும், மினுமினுப்பும் கூடவே மாறும். கண் பூவேலையையும் ஓட்டைகளையும் பார்க்காமல் தையல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மெஷினில் கை லேஸைப் போலச் செய்வது புதிய ஆசை இல்லை. ஸ்விட்சர்லாந்தில் இசாக் குரோப்லி ஷிஃப்லி என்ற எம்ப்ராய்டரி மெஷினைக் கண்டுபிடித்தது 1863இல். அதன் அடிநூல் ஓடம் குட்டிப் படகு வடிவில் இருந்ததால் அந்தப் பெயர். 1880களில் அந்த மெஷின்களில் பட்டுத் துணி மேல் பருத்தி நூலால் எம்ப்ராய்டரி போட்டு, துணியை ரசாயனத்தில் கரைத்துவிட்டு லேஸை மட்டும் எடுத்தார்கள். பட்டு புரத இழை, காரத்தில் கரையும், பருத்தி தாங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் பிளாவன் நகரத்து லேஸ் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. நாம் இன்று தண்ணீரில் செய்வது அதே வேலைதான். அவர்கள் கையில் இருந்த நூல் பருத்தி என்பதைக் கவனியுங்கள்.

சரி, என்ன வாங்குவது? மெர்சரைஸ் செய்த, நீள இழைப் பருத்தியில் 50/2 அல்லது 60/2 (இந்த எண்களுக்கு அர்த்தம் அடுத்த தலைப்பில்). மெர்சரைஸ் என்றால் காரத்தில் பதப்படுத்தி லேசான பொலிவு ஏற்றியது. அந்த அளவு பொலிவு நல்ல கை லேஸிலும் உண்டு. பருத்தி உங்கள் மெஷினுக்கு ஒத்துவரவே இல்லை என்றால் மேட், அதாவது மினுங்காத பாலியஸ்டர். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் மினுங்கும் பாலியஸ்டரை, தொங்கவிடும் நட்சத்திரம், புக்மார்க் மாதிரி வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீணாக்க வேண்டாம்.

நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முதலில் போட்ட காலர் சுத்த வெள்ளைப் பாலியஸ்டர். ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாக இருந்தது. ராத்திரி டியூப்லைட் அடியில் பருத்தி ரவிக்கை மேல் வைத்துப் பார்த்தேன். ரவிக்கை வெள்ளையாக இருந்தது, காலர் நீலம் பாரித்துத் தனியாக ஒட்டவைத்த மாதிரி நின்றது. ஒளியூட்டும் ரசாயனம் ஏற்றிய வெள்ளை அப்படித்தான். அதே டிசைனை அதே மெஷினில் தந்த நிறப் பருத்தியில் திரும்ப ஓட்டினேன், அந்த ஒட்டாத தன்மை போய்விட்டது. அதிலிருந்து லேஸுக்குத் தந்த நிறம், எக்ரூ (வெளுக்காத நூலின் நிறம்), கொஞ்சம் பழுத்த வெள்ளை என்று போவதோடு சரி.

லேபிள் கிழிந்துபோன கோனா? ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுனியில் நெருப்பு காட்டுங்கள். உருகிக் கெட்டியான மணி மாதிரி உறைந்தால் பாலியஸ்டர். காகிதம் எரியும் வாசனையோடு மெத்தென்ற சாம்பல் விழுந்தால் பருத்தியாகவும் இருக்கலாம், ரேயானாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க இன்னொரு துண்டை நடுவில் நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயான்; அது நனைந்தால் பாதி பலத்தை இழந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

ஓட்டைகள் அடைத்து, அட்டை மாதிரி விறைக்கிறது

முதலில் மறுபடி ஊறப்போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி. காய்ந்தபின் குழைந்துவிட்டால் நூல் மேல் தப்பில்லை, ஸ்டெபிலைசர் பசை உள்ளே தங்கியிருந்திருக்கிறது. (சுவரில் தொங்கும் பொருளுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பசையை விட்டுவைப்போம். கழுத்தில் படும் லேஸுக்கு அது கூடாது.) மறுபடி ஊறியும் தடிப்பு குறையவில்லை என்றால் நூல் டிசைனுக்கு மேல் தடிமன்.

இங்கேதான் எண் கணக்கு. எம்ப்ராய்டரி நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 40 வெயிட் என்றால் 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ நிற்கும். 60 வெயிட் என்றால் 60 கிலோமீட்டர் ஓடினால்தான் ஒரு கிலோ. லேஸ் டிசைன்களில் பெரும்பாலானவை 40 ரேயான் அல்லது பாலியஸ்டரை மனதில் வைத்து டிஜிட்டைஸ் செய்யப்பட்டவை, அதாவது மெஷின் படிக்கும் தையல் கோப்பாக மாற்றப்பட்டவை. அதனால் கோனில் 40க்கு மேல் எந்த எண் இருந்தாலும் மெலிசு என்று நினைத்து வாங்குகிறோம். பருத்தியில் அந்த நினைப்பு காலை வாரிவிடும்.

பருத்தி கோனில் 50/3 என்று போட்டிருந்தால், பல இடங்களில் அந்த 50 ஒரு புரியின் (முறுக்கிச் சேர்க்கும் இழைகளில் ஒன்றின்) கவுண்ட், அதாவது அதன் மெலிவைச் சொல்லும் எண். 3 என்பது எத்தனை புரி முறுக்கியிருக்கிறது என்பது. அதாவது 50ஆம் நம்பர் நூல் மூன்று சேர்ந்தது ஒரு நூல். டெக்ஸ் அளவில், அதாவது 1000 மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கில், பழைய ஆங்கிலப் பருத்திக் கவுண்டின்படி பார்த்தால் 50/3 ஏறக்குறைய 35 டெக்ஸ். 50/2 ஏறக்குறைய 24. 60/2 ஏறக்குறைய 20. 80/2 ஏறக்குறைய 15. நமக்குப் பழக்கமான 40 வெயிட் ரேயானோ 25, 27 டெக்ஸ்தான். ஆக "50 தானே, 40ஐ விட மெலிசு" என்று நம்பி 50/3 போட்டால், டிசைன் எதிர்பார்த்ததைவிடத் தடித்த நூல் உள்ளே போகும். சாட்டின் கரைகள் ஒன்றை ஒன்று தள்ளும், ஓட்டை அடையும், ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி முட்டும்.

சில கம்பெனிகள் பருத்தியிலும் முடிந்த நூலின் எடையையே எண்ணாகப் போடுவதால் குழப்பம் இன்னும் கூடும். எண்ணை நம்பாதீர்கள், டெக்ஸ் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அதுவும் இல்லையா? ஒரு பென்சிலில் உங்கள் பழைய 40 ரேயானை இடைவெளி இல்லாமல், இறுக்காமல் இருபது சுற்று சுற்றுங்கள். பக்கத்திலேயே புதுப் பருத்தி இருபது சுற்று. இரண்டு பட்டையின் அகலத்தையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பருத்திப் பட்டை அகலமாக இருந்தால் அந்த டிசைனுக்கு அது தடிமன். அவ்வளவுதான் சோதனை. கடைசி நூல் பக்கத்து நூல் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

தீர்வு, 40க்குப் போட்ட டிசைன் என்றால் 50/2 அல்லது 60/2 பருத்தி. கையில் இருக்கும் தடித்த நூலில்தான் போட வேண்டும் என்றால் டிசைனைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், 10 சதவீதம் வரை. ஆனால் சாஃப்ட்வேர் தையல் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் அடர்த்தி அப்படியேதான் இருக்கும். எண்ணிக்கை மாறாமல் அளவு மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள்.

சல்லடையாக, தொளதொளவென்று தொங்குகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். 40க்குப் போட்ட டிசைனை 60 வெயிட் பாலியஸ்டரிலோ 80 பருத்தியிலோ ஓட்டியிருப்பீர்கள். சாட்டின் கரையில் அடி வலை எட்டிப் பார்க்கும், இதழ் நிற்காது. ஒரு படி தடித்த நூலுக்கு வாருங்கள், அல்லது டிசைனை 5 முதல் 10 சதவீதம் சுருக்குங்கள். மெல்லிய நூலில் சுருக்கிப் போட்ட லேஸ்தான் என் கண்ணுக்குக் கை லேஸுக்கு மிக அருகில் வருவது. பொறுமை இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

கரைத்ததும் பிரிந்து கையோடு வருகிறது

இதில் நூலின் பங்கு பாதிதான், மீதி டிசைன். சாதாரண எம்ப்ராய்டரி டிசைனை ஸ்டெபிலைசர் மேல் ஓட்டினால் அது லேஸ் ஆகாது. லேஸ் டிசைனில் முதலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலை ஓடும், அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே சாட்டின் உட்காரும். மெஷின் திரையில் தையல் வரிசையை ஓடவிட்டுப் பாருங்கள். வலை இல்லாமல் நேராகப் பூ நிரப்ப ஆரம்பித்தால் எந்த நூல் போட்டாலும் பிரியும்.

வலை இருந்தும் அங்கங்கே மட்டும் பிரிகிறதா? பிரிந்த இடம் நூல் வெட்டிய இடமா என்று பாருங்கள். ரேயானும் மினுங்கும் பாலியஸ்டரும் வழுக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் விழும் பூட்டுத் தையல் துணி இருந்தால் நிற்கும், இங்கே ஸ்டெபிலைசர் கரைந்ததும் நழுவும். பருத்தி சொரசொரப்பானது, ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். ரேயானில்தான் போட வேண்டும் என்றால் வெட்டும்போது நுனியை ஒட்ட நறுக்காமல் 3, 4 மி.மீ. விட்டு வெட்டி, கரைத்துக் காய்ந்தபின் திருத்துங்கள். ஈரமாக இருக்கும்போது ரேயான் லேஸை இழுக்கவே இழுக்காதீர்கள். பலம் பாதி என்று மேலேயே சொன்னேன்.

முன்பக்கம் அழகு, பின்பக்கம் அசிங்கம்

ரெடிமேட் பாபின் (அடிநூல் ஏற்கெனவே சுற்றி வரும் சின்ன உருளை) போட்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் 60 அல்லது 90 வெயிட் வெள்ளை நூல். துணியில் அது பின்னால் ஒளிந்திருக்கும். லேஸுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, ஓட்டைக்கு ஓட்டை அடிநூல் தெரியும். மேலே போடும் அதே நூலை, அதே கோனிலிருந்து, பாபினிலும் சுற்றுங்கள். கைவேலை மாதிரித் தெரிவதில் பாதி இதில் கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். நூல் ரகத்தை மாற்றாதவர்கள்கூட இதை மட்டும் மாற்றினால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் பாபினில் நூல் தடித்தால் பாபின் கேஸின் ஸ்பிரிங் அதை இன்னும் அழுத்தும். அடிநூல் இறுகி, மேல்நூலைக் கீழே இழுக்கும். கேஸைக் கழற்ற முடியும் என்றால் நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அசையாமல் தொங்கி, கையை மெல்ல உதறினால் இரண்டு, மூன்று செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். உதறியும் இறங்கவில்லை என்றால் சின்னத் திருகை இடப்பக்கம் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு தளர்த்துங்கள், மறுபடி தொங்கவிடுங்கள். திருகுவதற்கு முன்னால் திருகின் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. லேஸ் அடிக்கடி போடுபவர்கள் இதற்கென்றே இன்னொரு கேஸ் வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான்.

வழக்கமான எம்ப்ராய்டரியில் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அடிநூல் தெரிய வேண்டும் என்பார்கள். அது துணிக்கு. லேஸில் இரண்டு நூலும் கரையின் விளிம்பில் பாதிக்குப் பாதி சந்திக்கட்டும். தெரியவில்லை என்றால் சோதனைக்கு மட்டும் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் போட்டு ஒரு சின்ன இதழ் ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் நிறம் எந்தப் பக்கம் வழிகிறது என்று உடனே தெரியும்.

இன்னொன்று. தடித்த நூல் பாபினில் குறைவாகவே கொள்ளும். ஆரம்பிக்கும் முன்பே நாலைந்து பாபின் சுற்றி வையுங்கள். மெதுவாகச் சுற்றுங்கள், ஏன் என்பதை வளையும் கோளாறில் சொல்கிறேன்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

பருத்திக்கு மாறிய முதல் வாரம் எல்லோரும் சொல்வது இது. ஊசியில் ஆரம்பியுங்கள். 40 வெயிட்டுக்கு 75/11, 60க்கு 65/9 அல்லது 70/10, தடித்த பருத்திக்கு 80/12. முதல் எண் ஊசித் தண்டின் விட்டம்: 75 என்றால் 0.75 மி.மீ. எண் நினைவில்லை என்றால், ஊசியைக் கழற்றி நூலில் கோத்து, நூலைச் சரிவாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாகச் சறுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் காது சின்னது, நூல் அங்கே உராய்ந்து புசுபுசுத்துப் பிறகு அறும். இதற்காக ஊசியை ஒரேயடியாகப் பெரிதாக்காதீர்கள். பெரிய ஊசி ஸ்டெபிலைசரைத் தபால்தலை ஓரம் மாதிரி துளைத்துக் கிழித்துவிடும். கிழிவதே உங்கள் முதன்மைப் பிரச்சினை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ரகத்தை விட்டு, துணி மாதிரி இருக்கும் நார் ரகத்தில் இரண்டு அடுக்கு போடுங்கள்.

அடுத்தது முறுக்கு. கைப் பின்னலுக்கு விற்கும் அழகான லேஸ் நூலைப் பார்த்து, "இதையே மெஷினில் போட்டால் என்ன?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தையல் மெஷின்கள் இடமுறுக்கு நூலுக்குச் செய்தவை. கைவேலை நூல்களில் சில எதிர் முறுக்கில் வரும். ஓடும்போது புரி புரியாகக் கழன்று, ஊசிக் காதுக்கு மேல் குருவிக்கூடு கட்டும். சோதிப்பது சுலபம். நூலை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வலது கையால் நுனியை உங்களை நோக்கி உருட்டுங்கள். இறுகினால் இடமுறுக்கு, மெஷினுக்கு ஆகும். பிரிந்து புரி எண்ண முடிந்தால் அதைக் கைவேலைக்கே கொடுத்துவிடுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகத்தை நிமிடத்துக்கு 600 தையலுக்குக் கீழே வையுங்கள். மேல் டென்ஷனை ஒரு படி குறையுங்கள், பருத்தி இழுபடாது. குறுக்காகச் சுற்றிய கோனில் நூல் மேலிருந்து வரவேண்டும், நேராகச் சுற்றியதில் பக்கவாட்டில். பருத்தி பஞ்சு உதிர்க்கும், ஒவ்வொரு இரண்டு பாபினுக்கும் கேஸைத் திறந்து பிரஷ்ஷால் தட்டுங்கள். அலமாரியில் பல வருடம் கிடந்த கோன் என்றால் ஒரு முழத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள். அங்கங்கே நொறுங்குவது மாதிரி அறுந்தால் அதற்கு வயதாகிவிட்டது.

காய்ந்ததும் கிண்ணம் மாதிரி வளைகிறது

எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது என்று பாருங்கள். குழிந்த பக்கத்து நூல்தான் இறுக்கம். மேல்பக்கம் குழிந்தால் மேல் டென்ஷனைக் குறையுங்கள், கீழ்ப்பக்கம் குழிந்தால் பாபினைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

டென்ஷன் சரியாக இருந்தும் வளைகிறதா? பாலியஸ்டரைச் சந்தேகப்படுங்கள். அது பருத்தியைவிட அதிகம் நீளும், விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பாபினை வேகமாகச் சுற்றினால் நூல் நீண்ட நிலையிலேயே சுற்றப்படும். தைக்கும்போது ஸ்டெபிலைசர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்டெபிலைசர் கரைந்ததும் பிடி விடும், நூல் சுருங்கும், லேஸ் சுருளும். மெதுவாகச் சுற்றச் சொன்னது இதற்குத்தான்.

பருத்தியும் முதல் நனைப்பில் கொஞ்சம் சுருங்கும், ஆனால் ஈரத்தில் இழுத்த வடிவத்துக்கு வந்துவிடும். தெர்மோகோல் பலகை மேல் ஒரு துணி விரித்து, ஈர லேஸைப் பரப்பி, ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி முழுதும் காயவிடுங்கள். பிறகு முகம் கீழாகத் துண்டின் மேல் வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி. பாலியஸ்டர் என்றால் சூட்டைக் குறையுங்கள்.

நிறம் சம்பந்தமான தொல்லைகள்

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ரேயானையும் பருத்தியையும் ஓட்டுவதற்கு முன், ஒரு முழ நூலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். கறை பட்டால் அது லேஸுக்கு வேண்டாம், ஊறப்போடாமல் லேஸ் எடுக்க வழியே இல்லை. அந்த நிறத்தில் பாலியஸ்டர் வாங்குங்கள்.

புடவைக் கரை, மேசை விரிப்பு மாதிரி துண்டு துண்டாக ஓட்டி இணைக்கும் வேலையில், ஏழாவது துண்டு மட்டும் லேசாக மஞ்சளடித்தால் கோனின் அடியில் சாய எண்ணைப் பாருங்கள். நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட தொகுதி வேறாக இருக்கும். பாபினுக்கும் சேர்த்துத்தான் நூல் செலவாகிறது என்பதை மறந்துதான் பெரும்பாலும் நடுவில் தீர்ந்துபோகிறது. ஒரு துண்டு ஓட்ட எவ்வளவு மேல்நூல் என்று பார்த்து, அடிநூலுக்காக அதை இரண்டால் பெருக்கி, துண்டு எண்ணிக்கையால் பெருக்கி, ஒரே தொகுதியில் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் புதுக் கோனை வரிசையாகப் போடாமல் ஒன்றுவிட்டு ஒரு துண்டாகக் கலந்து ஓட்டினால் வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் படாது.